அளவு கேட்டவர்

யோகராஜா சேர் இறந்துபோன செய்தி எங்கள் பாடசாலை வட்ஸ்அப் குழுவில் ஒரு படமாக வந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் அவர் முகம், கீழே ‘எமது கணினி அறையின் தந்தை’ என்று கொட்டை எழுத்து. நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது கூடத் தெரியாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம்.

ஏனென்றால் அந்த முகத்தை எந்தப் படத்திலிருந்து வெட்டி எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவருடைய தோளில் ஒரு கை இருக்கிறது. விரலில் பெரிய கல் மோதிரம். பார்க்கிறவர்களுக்கு யாரோ பாசத்தோடு அணைத்துக்கொண்டிருக்கிற மாதிரித் தெரியும். அது எங்கள் பாடசாலை நலன்புரிச் சங்கத் தலைவரின் கை. கணினி அறைத் திறப்பு விழாவில், “சேர், கொஞ்சம் தள்ளிப் போங்க, மொதலாளி மறையிறாரு” என்று சொல்லி அவரை ஓரங்கட்டியபோது எடுபட்ட படம் அது. தள்ளிய கையோடு சேர்த்தே அவரைத் தந்தையாக்கிவிட்டார்கள்.

கருமாதிக்கு ஒரு நினைவு மலர் அச்சிடுகிறோம், நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்கள் என்று அதே தலைவர் என்னிடம் சொன்னார். “நல்லத மட்டும் எழுதுங்க டீச்சர். செத்த மனுசன்.” சரி என்றேன். யோகராஜா சேரைப் பற்றி எழுத என்னிடம் நல்லது மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்களைப் பற்றி எழுத இருப்பதற்கு நான் என்ன செய்வது? இது அந்த மலரில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்களே, உங்களுக்காக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இரத்தினபுரியிலிருந்து பஸ் ஏறி, மலை வளைவுகளைக் கடந்து, இறப்பர் மரங்கள் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் எங்கள் தோட்டப் பாடசாலை இருக்கிறது. நான் தமிழ் படிப்பிக்கிறேன். அவர் கணினிப் பாடம். எங்கள் பிள்ளைகள் சாதாரண தரம் எழுதியபின், உயர்தரத்தில் தொழினுட்பப் பாடத்தைத் தமிழில் படிக்க வேண்டுமென்றால் வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டும். தங்கிப் படிக்கச் சொந்தக்காரர் வீடு இருக்கிறவர்கள் போனார்கள். மற்றவர்கள் படிப்பை விட்டார்கள். அந்த வகுப்பை இங்கேயே தொடங்க வேண்டும் என்பதுதான் சேரின் ஒரே பிடிவாதம். அதற்கு அனுமதி தர வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கணினி அறையை. எங்கள் அறையிலோ திறந்து ஒரு பாடவேளை முடிவதற்குள் நின்றுவிடுகிற கிழட்டு இயந்திரங்கள்.

அமைதியான மனிதர் என்று இப்போது மைக்கில் சொல்கிறார்கள். பொய். அவர் சண்டைக்காரர். முழுக்கைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, கண்டக்டரோடு சிங்களத்தில் சண்டை, கடைக்காரரோடு தமிழில் சண்டை. எதையும் கேட்காமல் வாங்க மாட்டார், கேட்காமல் தரவும் மாட்டார். அவருடைய மனைவி ராஜி அக்கா சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. கல்யாணம் நிச்சயமானதும் பெண் வீட்டார் சீராக ஓர் அலுமாரி செய்வதாகச் சொன்னார்களாம். மாப்பிள்ளை எழுந்து, “எங்க லயத்து வாசல் எத்தன அடின்னு பார்த்தீங்களா?” என்று கேட்டாராம். சபையே அதிர்ந்துபோனது. கொடுக்கிறவர்களிடம் அளவு கேட்பதா! ராஜி அக்காவின் சித்தப்பா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டாராம். கடைசியில் ஆள் அனுப்பி வாசலை அளந்து, அலுமாரியைக் கொஞ்சம் குறுக்கித்தான் செய்தார்கள். அது இன்றைக்கும் அந்தக் காம்பராவுக்குள், லயத்து வரிசை வீட்டின் அந்தச் சின்ன அறைக்குள், நிற்கிறது. பக்கத்து வீட்டுக்குச் சீராக வந்த அலுமாரி வாசலுக்குள் நுழையாமல், வெளித் திண்ணையில், இஸ்தோப்பில், கிடந்து மழையில் உப்பிப்போனது என்பதையும் அக்கா சொல்லாமல் விடமாட்டார்.

வாணி விழாவுக்கு, அதுதான் சரஸ்வதி பூசைக்கு, நாங்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். புத்தகம், தராசு, சுருதிப்பெட்டி, கணினி. அவர் வந்த முதல் வருடம், பக்தி மிகுந்த எங்கள் அதிபர், மூடி கழற்றியிருந்த இயந்திரங்களுக்குள் கையை விட்டு, கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்த இடத்திலெல்லாம் ஈரச் சந்தனம் அப்பிவிட்டார். பளபளப்பாக இருந்தது ரேம் அட்டைகளின் பொன்னிறப் பற்கள். ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது வைத்து எடுக்கிற நினைவகம். அந்தப் பற்கள் தாய்ப்பலகையில், அதாவது மதர்போர்டில், உள்ள நீளத் துளையில் பதிந்தால்தான் உயிர் வரும். பூசை முடிந்து திறந்தால் ஒரு திரையிலும் வெளிச்சம் இல்லை. சேர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கோர் அட்டையும் அழிறப்பரும் கொடுத்தார். “மெதுவா தேய்ங்க. சரஸ்வதி உள்ளதான் இருக்கா, வெளிய எடுப்போம்.” அடுத்த வருடத்திலிருந்து பூசைக்கென்று பழுதான விசைப்பலகை ஒன்றை அவரே கொண்டுவந்து வைத்துவிடுவார். அதிபரும் அதற்கே மனம் நிறைந்து சந்தனம் வைப்பார்.

இனிக் கசப்புக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்தில் பிறந்து கொழும்பில் பெரிய வியாபாரியாகிவிட்ட ஒருவர், நாங்கள் மொதலாளி என்று சொல்கிறவர், கணினி அறையைப் புதுப்பித்துத் தருவதாகச் சொன்னார். முழு இயந்திரமும் அல்ல. உள்ளே இருக்கிற பலகையையும் அதன் மூளையையும் மட்டும் புதிதாக மாற்றுவது, மற்றதெல்லாம் பழையதையே போடுவது என்று ஏற்பாடு. சங்கக் கூட்டத்தில் தலைவர் அதை அறிவித்ததும் எல்லோரும் கைதட்டினோம். சேர் மட்டும் கையைத் தூக்கினார்.

“எந்த போர்டுங்க?”

“புது போர்டு சேர்.”

“புதுசுன்னா எது? நம்மகிட்ட இருக்கிற ரேம் அதுல உக்காருமான்னு பார்க்கணுங்க. போர்டுக்குப் போர்டு மாறும். என்ன வக, எவ்வளவு வேகம், ஒரு துளைக்கு எவ்வளவு தாங்கும்னு போர்டு செஞ்சவங்களே போட்டிருப்பாங்க. பேர மட்டும் கேட்டுச் சொல்லுங்க, நான் பார்த்துக்கிறேன்.”

“ரேம்னா ரேம்தானே சேர்?”

“அப்படின்னா செருப்புன்னா செருப்புதான். அதிபரோடத நீங்க போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க பார்ப்போம்.”

சிலர் சிரித்தோம். அந்தச் சிரிப்பைத் தலைவர் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். முகம் சிவந்து சொன்னார்: “தர்மம் குடுக்கிற மனுசன்கிட்ட போயி, அது என்னா இது என்னான்னு கேக்கச் சொல்றீங்களா? நம்மள பத்தி என்னா நெனைப்பாரு? குடுக்கிறத வாங்கி மாலை போடுறதுதான் மரியாத.” சபை முழுவதும் ஆமாம் போட்டது. எங்கள் ஆட்களுக்கு இது இரத்தத்தில் ஊறியது. தோட்டத்துத் துரை கொடுத்த கம்பளியை அளவு பார்த்து வாங்கிய பாட்டன் எங்களில் யாருக்கும் இல்லை. கிழிந்திருந்தாலும் கும்பிட்டு வாங்கி, வீட்டில் வைத்துத் தைத்துக்கொண்டவர்கள். சேர் விடவில்லை. “கேக்கிறது மரியாதக் கொறைவு இல்லைங்க. கேக்காம வாங்கி குப்பையில போடுறதுதான் மரியாதக் கொறைவு” என்றார். கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டது.

பலகைகள் வந்தன. அழகான பெட்டிகள். திறந்து பார்த்ததும் சேர் ஒரு பழைய ரேம் அட்டையைத் துளைமேல் வைத்து எனக்குக் காட்டினார். அட்டையின் பற்களுக்கு நடுவே ஒரு சிறு வெட்டு இருக்கும். துளையில் ஒரு சிறு தடுப்பு இருக்கும். இரண்டும் நேராக வர வேண்டும். வரவில்லை. கொஞ்சம்தான் விலகியிருந்தது. “அந்தக் கொஞ்சம் தெரிஞ்சே வச்சதுங்க டீச்சர். பழசும் புதுசும் வேற வேற மின்சாரம் குடிக்கும். தெரியாத ஆளு மாத்திச் சொருகிடக் கூடாதுன்னு வச்ச காவல்.” தலைவரின் மருமகன் பக்கத்தில் நின்றார். டவுனில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறவர். “புது சாமான் இறுக்கமாத்தான் இருக்கும் சேர், அமுக்குனா போயிரும்” என்று அட்டையை வாங்கிப் பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். காய்ந்த தேயிலைக் குச்சி முறிகிற சத்தம். துளை வாய் பிளந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மொதலாளிக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், சரியான ரேமையும் அவரே அனுப்பியிருப்பார் என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் விழாவுக்கு நல்ல நேரம் குறித்தாகிவிட்டது. அழைப்பிதழ் போய்விட்டது. தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். முன் மேசையில் ஒரு திரை. மேசை விரிப்புக்குப் பின்னால் ஒரு மடிக்கணினி. மொதலாளி பொத்தானை அழுத்தும்போது, மறைவில் இருக்கிற ஆள் வயரைச் சொருக வேண்டும். மற்றத் திரைகளுக்கெல்லாம் பட்டுத்துணி போர்த்தி மாலை போட்டுவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்? மறைவில் உட்காரச் சொல்லிச் சேரிடம்தான் கேட்டார்கள்.

“நான் மாட்டேங்க” என்றார். “நான் வாத்தியாரு. மேசைக்கு முன்னால நிக்கிறதுதான் என் வேல.”

அப்படி முன்னால் நின்றபோதுதான் அந்தக் கை அவர் தோளில் விழுந்தது. மருமகன் வயரைச் சொருகினார். திரையில் பாடசாலைச் சின்னம் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

அனுமதி கொடுக்க வந்தவர்கள் பட்டுத்துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். ஓர் இயந்திரமும் வேலை செய்யவில்லை. துளை பிளந்த பலகையைக் கையில் எடுத்து, இது என்ன என்று கேட்டார்கள். தலைவர் ஒரு நொடி தயங்கவில்லை. “கணினி சேர் மாட்டும்போது ஒடஞ்சிருச்சுங்க. அவருக்கு மொதல்ல இருந்தே இதுல விருப்பம் இல்ல.” நான் குறுக்கிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். வந்தவர்களில் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டீச்சர், உங்க பாடம் என்ன?” என்றார். தமிழ் என்றேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். நான் சொன்னது அந்தச் சிரிப்போடு முடிந்தது. அந்த வருடம் அனுமதி கிடைக்கவில்லை.

கௌசல்யாவைப் பலருக்கும் நினைவிருக்கும். அழிறப்பரால் ரேம் தேய்த்த பிள்ளைகளில் ஒருத்தி. கணினிப் பாடத்தில் பாடசாலைக்கே முதலாவது. வகுப்பு வந்துவிடும் என்று காத்திருந்தாள். வரவில்லை என்றதும் அவளுடைய அம்மா, இறப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், மகளைக் கூட்டிக்கொண்டு சேரைப் பார்க்க வந்தார். “கார்மன்ட்டுக்கு ஆள் எடுக்கிறாங்களாம் சேர். அனுப்பவா, வச்சுக்கிடவா?” சேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கௌசல்யா இப்போது கட்டுநாயக்கவில் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கிறாள். மரண வீட்டுக்கு லீவு கிடைக்கவில்லை என்று போனில் அழுதாள்.

பிறகு யாரோ சேர்மேல் குற்றம் சொல்லி மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். சேருக்கு எம்பிலிப்பிட்டிய பக்கம் இடமாற்றம் வந்தது. விடியுமுன் ஒரு பஸ், இரத்தினபுரியில் இன்னொரு பஸ், பிறகு நடை. வீடு திரும்ப இருட்டிவிடும். அங்கே தங்கிக்கொள்ளுங்கள் என்று ராஜி அக்கா கெஞ்சினார். அவர் கேட்கவில்லை.

அவர் போனபின் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி நிறைய ரேம் வந்தது. இப்போது வகை சரி, வெட்டும் சரி. அழகாக உட்கார்ந்தன. ஆனால் திரை வரவில்லை. இயந்திரம் கூவிக் கூவி அடங்கியது. பாடசாலை விடுமுறையில், யாரும் கூப்பிடாமலே சேர் வந்து நின்றார். ஓர் அட்டையை எடுத்து மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். அன்றுதான் அவர் வாயிலிருந்து சுத்தமான தோட்டத்துக் கெட்ட வார்த்தை கேட்டேன். “இது பெரிய கம்பெனி சேவர்ல, ராப்பகலா ஓடுற பெரிய கம்பியூட்டர்ல, கழட்டினது. உக்காரும் டீச்சர், ஆனா இந்த போர்டு இத ஏத்துக்காது. உக்கார்றது வேற, ஏத்துக்கிறது வேற. இந்த தடவையும் ஒருத்தரும் கேக்கல பார்த்தீங்களா?”

பலகை ஒன்றைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இரத்தினபுரிக்குப் பஸ் ஏறினார். நானும் போனேன். கடை கடையாக ஏறி இறங்கினோம். சாமானை வாங்கிக்கொண்டு போங்கள், வேலை செய்யாவிட்டால் வந்து பார்க்கலாம் என்றார்கள். ஹனீபா நானா ஒருவர்தான், “உங்க போர்ட இங்கேயே வையுங்க சேர், மாட்டிப் பார்த்துட்டே குடுக்கிறன்” என்று மேசையை ஒதுக்கித் தந்தார். சேவரில் கழற்றிய அட்டைகளை அவர் எடுத்துக்கொண்டு பதிலுக்கு வேறு தருவதாகப் பேச்சு. ஒன்றொன்றாக மாட்டி, திரையில் எழுத்து ஓடி, ரேமின் அளவு சரியாக வரும்வரை சேர் உட்காரவே இல்லை. அறை உயிர் பெற்றது. அடுத்த தடவை அனுமதியும் கிடைத்தது. வாசலில் பளிங்குப் பலகை வைத்தார்கள். அதில் மொதலாளி பெயர் இருக்கிறது, தலைவர் பெயர் இருக்கிறது, பந்தல் போட்டவர் பெயர்கூட இருக்கிறது. சேரின் பெயர் இல்லை.

எனக்கு அவர்மேலும் கோபம் உண்டு. ஒளிக்காமல் சொல்கிறேன். “ஏன் சேர் திரும்பி வந்தீங்க? உங்க மேல பழி போட்டவங்களுக்கு நீங்களே வந்து பேரு வாங்கிக் குடுத்தீங்களே” என்று முகத்துக்கு நேரே கேட்டேன். “எனக்கும் எரியுது டீச்சர். ஆனா பிள்ளைங்களா எம் மேல எழுதிப் போட்டுச்சுங்க?” என்றார். அந்தப் பதிலில் எனக்கு இன்றுவரை திருப்தி இல்லை. இடமாற்றத்தை நீக்கச் சொல்லியாவது அவர் சண்டை பிடித்திருக்க வேண்டும். ஊருக்காகப் பிடித்த சண்டையில் பாதியைத் தனக்காகப் பிடித்திருந்தால், இரத்தினபுரி பஸ் நிலையத்தில் வாய் கோணி விழுந்திருக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் பிரஷர் என்றார்கள். அது அவர்கள் சொல்கிற காரணம். என்னிடம் வேறு காரணம் இருக்கிறது.

மரண வீட்டுக்குத் தோட்டத்து ரோடு நெடுகிலும் வெள்ளைக்கொடி. லயத்து வாசலில் மைக். தலைவர் பேசினார், கண்ணைத் துடைத்தார், அமைதியான மனிதர் என்றார். கடைசியில் அறிவித்தார்: “யோகராஜா சேர் ஞாபகார்த்தமா, கொழும்பு மொதலாளி நம்ம பாடசாலைக்கு இன்னும் புது போர்டுங்க தர்றேன்னு சொல்லியிருக்காரு.” சனம் தலையாட்டியது. அவர் மைக்கை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார, யாரோ ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நான் எழுந்தேன். திட்டம் போட்டு எழும்பவில்லை. கால் தானாக எழும்பியது.

“எந்த போர்டுங்க? அதுக்கு என்ன ரேம் போடணும்னு கேட்டீங்களா?”

தப்படிக்கிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். தலைவர் என்னைப் பார்த்தார். “டீச்சர், செத்த வீட்டுல கேக்கிற கேள்வியா இது?”

பெட்டிக்குத் தலைமாட்டில் இருந்த ராஜி அக்கா நிமிர்ந்தார். காலையிலிருந்து அழுது குரலே இல்லாதவர். அந்த இல்லாத குரலில் சொன்னார்:

“இந்த வீட்டுல கேக்க வேண்டிய கேள்விதான். பதில சொல்லிட்டு டீத்தண்ணிய குடிங்க.”

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். “கேட்டுச் சொல்றேன்” என்றார்.

சேரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று எழுதித்தான் இப்படிப்பட்ட எழுத்தை முடிப்பார்கள். துளை பிளந்த அந்தப் பலகை ராஜி அக்காவிடம் இருக்கிறது. பழைய ரேம் ஒன்று பாடசாலையில் இருக்கிறது. எனக்கென்று ஒரு சாமானும் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் இருக்கிறது. எனக்கு ரேமைப் பற்றி அவர் சொன்னதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனாலும் கேட்கிறேன். இதை எழுதி முடிப்பதற்குள் கருமாதியும் முடிந்துவிட்டது, மலரும் வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. தலைவரைக் காணும் இடத்திலெல்லாம் கேட்கிறேன். கோயிலில் கேட்டேன். பஸ்ஸில் கேட்டேன். கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டேன். இப்போதெல்லாம் என்னைக் கண்டால் அவர்தான் கொஞ்சம் தள்ளிப் போகிறார்.